எல்லாம் கோட்டில் நின்றும் பக்கம் ஏன் அமையவில்லை?

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஏ4 அளவில் ஒரு சிற்றிதழ் வடிவமைக்கிறீர்கள். பயிற்சிக் காணொளிகளில் பார்த்தபடி பன்னிரண்டு பத்தி (செங்குத்து நிரல்) கொண்ட கிரிட், அதாவது வழிகாட்டிக் கோடுகளின் சட்டகம் போட்டு, அதன்மேல் 1.618 என்ற பொன் விகிதத்தில் விரியும் சுருளையும் வைத்து, படம், தலைப்பு, உரை எல்லாவற்றையும் கோடுகளோடு ஒட்டியிருக்கிறீர்கள். அப்படியும் பக்கத்தில் ஒழுங்கு தெரியவில்லை, உயிரும் இல்லை. எந்த விகிதம் சரி, 1.618ஆ, மூன்றில் ஒரு பங்கா என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: பக்கத்தில் வைக்கும் இந்த எண்கள் எங்கிருந்து வரவேண்டும்?

நான் பெரும்பாலும் புத்தகங்களிலும் இதழ்களிலும் வேலை செய்தவன். அந்த அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன்: எண்கள் உரையிலிருந்து வரவேண்டும். படிக்கப்போகும் உரையின் எழுத்து அளவு, அதன் வரி இடைவெளி, ஒரு வரியின் நீளம் ஆகிய மூன்றும் முதலில் முடிவாக வேண்டும். பத்தி, கட்டம், ஓரம், படத்தின் அளவு எல்லாம் அவற்றிலிருந்து பிறக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் நடந்திருப்பது இதற்குத் தலைகீழ். வெளியிலிருந்து இரண்டு சட்டகங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உரையை அவற்றுக்குள் போகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த இரண்டு சட்டகங்களுக்குள்ளும் உடன்பாடு கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. ஓரங்கள் போக 175 மி.மீ. உரைப் பரப்பு, பத்திகளுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பத்தி என்றால் ஒவ்வொரு பத்தியும் வெறும் 10 மி.மீ. பக்கம் முழுக்க இருபத்து நான்கு செங்குத்துக் கோடுகள் ஓடும். அவற்றில் ஏதாவது ஒன்றில் படத்தை ஒட்டுவது கடினமே இல்லை. எங்கே வைத்தாலும் அருகில் ஒரு கோடு கிடைத்துவிடும். மூன்று பத்தி அகலப் படம் 40 மி.மீ., நான்கு பத்தி 55, ஐந்து பத்தி 70. நீங்கள் இணைத்த பக்கத்தில் இந்த மூன்று அகலமும் இருக்கின்றன. எல்லாம் கோட்டில்தான் நிற்கின்றன. ஆனால் வாசகர் கண்ணுக்குக் கோடு தெரியாது. ஏறக்குறைய ஒரே அளவில், ஆனால் ஒரே அளவாக இல்லாமல் சிதறிக் கிடக்கும் படங்கள்தான் தெரியும். எதையும் அனுமதிக்கும் கிரிட் எதையும் தீர்மானிப்பதில்லை. திரையில் பன்னிரண்டு பத்தி பரவியதற்குக் காரணம் அதை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகப் பிரிக்கலாம் என்பதுதான். பன்னிரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்துவதற்காக அது வரவில்லை.

அதன்மேல் வைத்த பொன் விகிதச் சுருளைப் பார்ப்போம். 297 மி.மீ. உயரத்தை அந்த விகிதத்தில் வெட்டினால் கோடு மேலிருந்து 183.6 மி.மீ. தூரத்தில் விழும். உங்கள் உரை 10 பாயிண்ட் எழுத்து, 15 பாயிண்ட் வரி இடைவெளி. 15 பாயிண்ட் என்பது 5.29 மி.மீ. 183.6 மி.மீ. தூரம் என்பது முப்பத்து நான்கரை வரிக்கும் சற்றுக் கூடுதல். அதாவது அந்தப் புனிதமான கோடு ஒரு வரியின் நடுவே எழுத்துகளை வெட்டிக்கொண்டு போகிறது. படத்தின் அடி விளிம்பை அங்கே நிறுத்தினால், பக்கத்துப் பத்தியில் ஓடும் எந்த வரியோடும் அது சேராது. உங்கள் மூன்றாம் பக்கத்தில் படத்தின் அடி விளிம்பும் அதன் வலப்பக்கம் இருக்கும் வரியும் ஏறத்தாழ 2 மி.மீ. விலகி நிற்பதைப் பாருங்கள். பெரிய விலகலாக இருந்தால் வேண்டுமென்றே செய்தது என்று கண் ஏற்றுக்கொள்ளும். 2 மி.மீ. என்பது தவறு என்று மட்டுமே படும்.

இப்போது உள்ளிருந்து தொடங்கிக் கட்டிப் பார்ப்போம். வரி இடைவெளி 15 பாயிண்ட். ஏ4 தாளின் உயரத்தில் அப்படி ஐம்பத்தாறு வரிகள் அடங்கும். மேலும் கீழும் ஓரம் விட்டு 47 வரிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் 47 என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும்போது இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு வெற்று வரி வேண்டும். ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றும் ஏழு வரி என்றால் 42, நடுவே ஐந்து வெற்று வரிகள், மொத்தம் 47. நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றும் பதினொரு வரி என்றால் 44, நடுவே மூன்று, அதுவும் 47. மூன்று கட்டங்கள் என்றால் பதினைந்து வரி வீதம் 45, நடுவே இரண்டு, மறுபடியும் 47. இரண்டாகப் பிரித்தால் 23, ஒரு வெற்று வரி, 23. மொத்தத்தோடு ஒன்றைக் கூட்டினால் 48 வருகிறது, அது இத்தனை விதமாக வகுபடும் எண் என்பதே இதன் சூட்சுமம். 46 வரியோ 48 வரியோ எடுத்திருந்தால் இந்த வசதி எதுவும் கிடைக்காது.

அகலத்துக்கும் அதே கணக்கு. 175 மி.மீ. உரைப் பரப்போடு ஒரு பத்தி இடைவெளியான 5 மி.மீ. சேர்த்தால் 180. ஆறு பத்தி என்றால் ஒவ்வொன்றும் 25 மி.மீ., மூன்று பத்தி என்றால் 55, இரண்டு பத்தி என்றால் 85. மீதமுள்ள 35 மி.மீ. அகலத்தில் உள்ஓரத்துக்கு 15, வெளிஓரத்துக்கு 20 கொடுக்கலாம். எதிரெதிர்ப் பக்கங்களின் உள்ஓரங்கள் விரித்துவைத்த இதழில் ஒன்றாகச் சேர்ந்து தெரியும் என்பதால் உள்ஓரம் குறைவாக இருப்பதே நல்லது. நடுவில் தைத்தோ கம்பியடித்தோ வரும் இதழுக்கு இது போதும். முதுகில் பசை ஒட்டிக் கட்டுவதாக இருந்தால் தாள் முழுதாக விரியாது, உள்ஓரத்தைக் கூட்ட வேண்டும்.

இந்த வகுபடும் எண் உத்தி என் கண்டுபிடிப்பு இல்லை. சுவிட்சர்லாந்து வடிவமைப்பாளர் கார்ல் கெர்ஸ்ட்னர் 1962இல் 'கேபிடல்' என்ற ஜெர்மன் இதழுக்கு அமைத்த கிரிட் இதற்கு அழகான சான்று. அவர் உரைப் பரப்பை 58 அலகுகளாகப் பிரித்தார், பத்தி இடைவெளிக்கு இரண்டு அலகு. இரண்டு பத்தி என்றால் 28 அலகு வீதம், மூன்று என்றால் 18, நான்கு என்றால் 13, ஐந்து என்றால் 10, ஆறு என்றால் 8. ஒவ்வொன்றையும் கூட்டிப் பாருங்கள், மிச்சமில்லாமல் 58 வரும். 58உடன் இரண்டைச் சேர்த்தால் 60. ஆறு வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் அதுதான். இத்தனை விதமான பத்தி அமைப்புகளும் ஒரே வெளி விளிம்புகளுக்குள் அடங்கிப்போவதால் இதழ் பக்கத்துக்குப் பக்கம் மாறலாம், ஆனால் ஒரே இதழாகவே இருக்கும். முதன்முதலில் அந்தக் கிரிட்டைத் தாளில் வரைந்து பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போதும் என்னால் சொல்ல முடியும். நீங்களும் கையால் வரைந்து பாருங்கள். கணினியில் பார்ப்பதைவிட அதிகம் விளங்கும்.

நம் ஏ4 பக்கத்துக்கு வருவோம். மூன்று பத்தி, ஆறு வரிசை என்று எடுத்தால் மிகச் சிறிய படம் ஒரு கட்டம்: 55 மி.மீ. அகலம், ஏழு வரி உயரம், அதாவது 37 மி.மீ. அடுத்தது இரண்டு பத்தி, இரண்டு வரிசை: 115க்கு 79. அடுத்தது மூன்றுக்கு மூன்று: 175க்கு 122. இவற்றின் நீள அகலங்களை வகுத்துப் பாருங்கள், எல்லாம் ஒன்றுக்கு ஒன்றரை என்பதை ஒட்டியே நிற்கும். நிமிர்ந்த படங்களிலும் அப்படித்தான்: ஒரு பத்தி அகலம், இரண்டு வரிசை உயரம் என்றால் 55க்கு 79. இரண்டு பத்தி உரை ஓடும் பக்கத்தில் நான்கு வரிசைக் கட்டத்தை எடுத்தால் 85க்கு 58. மறுபடியும் அதே விகிதம். பல கேமராக்கள் எடுக்கும் மூன்றுக்கு இரண்டு படத்தை அதிகம் வெட்டாமல் வைக்கலாம். உரைப் பரப்பு 175க்கு 249, அதாவது 1.42. தாளே 1.414. எந்தச் சுருளையும் வைக்காமல், வரி இடைவெளியையும் பத்தி அகலத்தையும் ஒழுங்காக எடுத்ததால் மட்டுமே சிறிய படம் முதல் முழுத்தாள் வரை ஒரே குடும்பச் சாயல் வந்துவிட்டது. விகிதம் என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான்: பக்கத்தில் உள்ளவை தமக்குள் ஒரே உறவைத் திரும்பத் திரும்பக் காட்டுவது.

இதில் ஒரு சிறு திருத்தம் உண்டு, கவனித்தால் வேலையின் தரம் சட்டென்று உயரும். படத்தின் அடி விளிம்பு பக்கத்து வரியின் எழுத்துகள் நிற்கும் கோட்டில் அமர வேண்டும். மேல் விளிம்போ வரியின் மேல் எல்லையில் அல்ல, அந்த வரியின் எழுத்துத் தலையில் சேர வேண்டும். ஆங்கிலத்தில் இதற்குப் பெரிய எழுத்தின் உச்சியையோ சிறிய எழுத்தில் மேலே நீளும் கோட்டின் உச்சியையோ எடுப்பார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. புள்ளியும் கீ, சீ போன்றவற்றின் மேல்சுழியும் எழுத்தின் உடலுக்கு மேலே போகின்றன. படத்தின் மேல் விளிம்பைச் சுழியின் உச்சியோடு சேர்த்தால் படம் சற்றுத் தூக்கி வைத்ததுபோலத் தெரியும். க, ப, ம ஆகியவற்றின் உடலின் மேல்மட்டத்தோடு சேர்ப்பதே கண்ணுக்குச் சரியாக வருகிறது. இப்படிச் செய்யும்போது மேலே சொன்ன உயரங்களில் மூன்று மி.மீ. அளவுக்குக் குறையும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அளவுகோல் காட்டும் எண்ணைவிட விளிம்புகள் சேர்ந்து நிற்பதே முக்கியம்.

தமிழ் உரை என்று வந்துவிட்டதால் இன்னும் இரண்டு விஷயங்கள். வரி இடைவெளி எழுத்தளவில் 120 விழுக்காடு என்று மென்பொருள்கள் தாமாகவே வைப்பது இலத்தீன் எழுத்துகளுக்கான வழக்கம். தமிழில் ஒரு வரியில் 'மூ', 'ழ', 'ஞ' என்று கீழே இறங்கும் வடிவங்களும், அடுத்த வரியில் மேலே ஏறும் சுழிகளும் புள்ளிகளும் எதிரெதிரே வந்து நெருக்கும். எழுத்துருவைப் பொறுத்து 140 முதல் 160 விழுக்காடு வரை கொடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இங்கே நான் 10க்கு 15 என்று எடுத்ததும் அதனால்தான். இரண்டாவது, வரி நீளம். ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து என்று புத்தகங்களில் வரும் அறிவுரை இலத்தீன் எழுத்துகளை எண்ணிச் சொன்னது. தமிழுக்கு அதை அப்படியே எடுக்க முடியாது. 'கி' நமக்கு ஓர் எழுத்து, கணினிக் கணக்கில் இரண்டு. நம் சொற்களோ விகுதிகள் சேர்ந்து நீண்டுகொண்டே போகும். அதனால் நான் சொற்களை எண்ணுகிறேன்: நீண்ட கட்டுரைக்கு வரிக்கு ஐந்து முதல் எட்டுச் சொற்கள் வந்தால் ஓட்டமாகப் படிக்க வருகிறது. இது ஆய்வில் நிறுவப்பட்ட எண் இல்லை, என் வேலையில் நான் கண்டது. இந்தக் கணக்கில் 10 பாயிண்ட் உரைக்கு 55 மி.மீ. பத்தி குறுகல், மூன்று அல்லது நான்கு சொற்களோடு வரி முடிந்துவிடும். இரு ஓரமும் சமமாக நிரவினால் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டைகள் விழும். ஆகவே கட்டுரைகளுக்கு 85 மி.மீ. இரண்டு பத்தி, துணுக்குகளுக்கும் செய்திக் குறிப்புகளுக்கும் 55 மி.மீ. மூன்று பத்தி என்று வையுங்கள். குறுகிய பத்தியை இடப்பக்கம் மட்டும் ஒட்டி, வலப்பக்கத்தைத் தானாக விடுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு பத்தி அமைப்பையும் மூன்று பத்தி அமைப்பையும் கலக்காதீர்கள். கலந்தால் பன்னிரண்டு பத்தியில் பட்ட பாடு திரும்ப வரும்.

படக்குறிப்புகளைச் சிறிய எழுத்தில் வைப்பீர்கள். அவற்றையும் 15 பாயிண்ட் இடைவெளியில் ஓட்டினால் தளர்ந்துவிடும். 7 பாயிண்ட் எழுத்துக்கு 10 பாயிண்ட் இடைவெளி கொடுத்தால், குறிப்பின் மூன்று வரிகள் உரையின் இரண்டு வரிகளுக்குச் சமம். மூன்று வரிக்கு ஒருமுறை இரண்டும் ஒரே கோட்டில் சந்தித்துக்கொள்ளும். ஒவ்வொரு வரியும் சந்திக்க வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. அவ்வப்போது சந்திப்பதே போதும்.

இனி உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்கிறேன். விளிம்புகள் சேர்ந்து நின்றால் பக்கம் தெளிவாகும் என்பதிலும், அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரு கூட்டமாக எடுத்துக்கொள்கிறது என்பதிலும் எனக்கு ஐயம் இல்லை. இரண்டாவதை உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923இலேயே வெறும் புள்ளிகளை வைத்து விளக்கிவிட்டார். பக்கத்தில் இதன் பயன் நேரடியானது: உபதலைப்புக்கு மேலே உள்ள வெற்றிடம் கீழே உள்ளதைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். உங்கள் பக்கங்களில் மேலும் கீழும் ஒரு வரி வீதம் சமமாக விட்டிருக்கிறீர்கள். அதனால் உபதலைப்பு முந்தைய பாராவுக்கும் சொந்தமில்லாமல் அடுத்ததற்கும் சொந்தமில்லாமல் மிதக்கிறது. மேலே ஒன்றரை வரி, கீழே அரை வரி என்று மாற்றுங்கள். உபதலைப்பு ஒரு வரி என்றால் மொத்தம் மூன்று வரி. உரை மறுபடியும் தன் கோட்டில் வந்து சேர்ந்துவிடும். இந்த ஒரு மாற்றம் செய்யும் நன்மையை எந்தப் பொன் விகிதமும் செய்யாது.

பொன் விகிதத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கணிதத்தில் அது உண்மையிலேயே அழகான எண். இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாசியோலி 1509இல் அதைத் தெய்வீக விகிதம் என்று போற்றி நூல் வெளியிட்டார். மனிதக் கண் அதை விரும்புகிறதா என்பதை முதலில் சோதித்துப் பார்த்தவர் ஜெர்மன் உளவியலாளர் குஸ்தாவ் ஃபெக்னர். 1876இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, முன்னால் வைத்த செவ்வகங்களில் 1.618ஐ ஒட்டியவற்றை அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். பின்னால் வந்த சோதனைகள் ஒரே குரலில் பேசவில்லை. வரிசையில் எந்தெந்தச் செவ்வகங்களை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே விருப்பம் நகர்கிறது என்று காட்டியவையும் உண்டு. ஒரு நீள்செவ்வகம் கண்ணுக்கு இதமாக இருக்கலாம் என்பது வரைக்கும் ஏற்றுக்கொள்ளலாம். 1.5க்கோ 1.7க்கோ இல்லாத தனி ஆற்றல் 1.618க்கு இருக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. வடிவமைத்து முடிந்த நிறுவனச் சின்னங்களின் மேலும் பழைய கட்டடங்களின் மேலும் வட்டங்களையும் சுருள்களையும் வரைந்து காட்டும் படங்களை நம்பிக் கற்காதீர்கள். தடித்த கோட்டில் வரைந்த சுருளை ஏதாவது ஒரு மூலையில் பொருத்திவிடலாம். வடிவமைத்தவர் அதைக் கொண்டுதான் தொடங்கினார் என்பதற்கு அது சான்று ஆகாது. சட்டகத்தை மூன்றாகப் பிரித்து, பிரிக்கும் கோட்டில் பொருளை வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியும் படமெடுக்கப் பழகுபவருக்கு உதவும் எளிய கைப்பிடி, அவ்வளவுதான். பொருளை நடுவிலேயே வைக்கும் பழக்கத்திலிருந்து அது நம்மை விடுவிக்கிறது. உரையும் படமும் கலந்த பக்கத்துக்கு அது எதையும் தீர்மானித்துக் கொடுக்காது.

ஏ4 தாளின் விகிதம் வேறு வகை. அதற்கு ஒரு வேலை இருக்கிறது. நீளத்தைப் பாதியாக மடித்தாலும் அதே விகிதம் வரும் ஒரே செவ்வகம் ஒன்றுக்கு இரண்டின் வர்க்கமூலம். 1786இலேயே லிக்டன்பெர்க் என்ற ஜெர்மன் அறிஞர் ஒரு கடிதத்தில் இதைக் குறிப்பிட்டார். 1922இல் அது ஜெர்மானியத் தர அளவாக ஆனது. ஏ3இல் அமைத்த சுவரொட்டியை ஏ4க்கோ ஏ5க்கோ சுருக்கும்போது எதையும் நகர்த்த வேண்டியதில்லை என்பது இதன் பலன். எழுத்தளவுகளுக்கும் இதையே நான் பலமுறை எடுத்திருக்கிறேன்: 10, 14, 20, 28, 40. ஒவ்வொரு படியும் முந்தையதிலிருந்து தெளிவாக வேறுபடுகிறது, இரண்டு படிக்கு ஒருமுறை அளவு இரட்டிக்கிறது. உங்கள் பக்கத்தில் 10, 11, 13, 16, 18, 24 என்று ஆறு அளவுகள் இருக்கின்றன. உரைக்கும் உபதலைப்புக்கும் ஒரு பாயிண்ட் வேறுபாடு என்றால் அது வேறுபாடாகவே தெரியாது. உபதலைப்பை உரையின் அதே 10 பாயிண்டிலேயே தடித்த எழுத்தில் வையுங்கள், தலைப்பை 28க்குக் கொண்டுபோங்கள். மொத்தம் மூன்று அளவு போதும், படக்குறிப்பையும் சேர்த்தால் நான்கு.

பழைய புத்தகப் பக்க முறையைப் பற்றியும் ஒரு கேள்வி வைத்திருந்தீர்கள். ஜெர்மன் அச்செழுத்து வடிவமைப்பாளர் யான் சிகோல்ட் ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகளை அளந்து மீட்டெடுத்த அந்த முறை இரண்டுக்கு மூன்று பக்கத்துக்கானது. அகலத்தையும் உயரத்தையும் ஒன்பது ஒன்பது பங்காக்கி, உள்ஓரத்துக்கும் மேல்ஓரத்துக்கும் ஒரு பங்கு, வெளிஓரத்துக்கும் கீழ்ஓரத்துக்கும் இரண்டு பங்கு கொடுக்க வேண்டும். அப்போது உரைப் பரப்பின் உயரம் பக்கத்தின் அகலத்துக்கு மிகச் சரியாகச் சமமாகும். அந்த இசைவுதான் அதன் அழகு. ஏ4இல் அதே ஒன்பது பங்கைப் போட்டால் உரை உயரம் 198 மி.மீ., தாளின் அகலம் 210. இசைவு போய்விடுகிறது, ஓரம் மட்டும் மிஞ்சுகிறது. தவிர, உரைக்குத் தாளில் ஒன்பதில் நான்கு பங்குதான் கிடைக்கும். கவிதைத் தொகுப்புக்கு அந்தத் தாராளம் பொருந்தும். செய்தியும் கட்டுரையும் நிறைந்த சிற்றிதழுக்குப் பொருந்தாது.

சரி, உயிரோட்டம் இல்லை என்றீர்களே, அதற்கு வருகிறேன். ஒழுங்கைச் சரிசெய்தால் பாதிதான் தீரும். மீதிப் பாதி, உங்கள் பக்கத்தில் எல்லாம் நடுத்தர அளவில் இருப்பது. மூன்று படங்கள், மூன்றும் ஏறத்தாழ ஒரே முக்கியத்துவம். தலைப்பும் அவற்றோடு போட்டி போடுகிறது. எதை முதலில் பார்ப்பது என்று பக்கம் சொல்லவில்லை. ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து மூன்று பத்தி அகலத்துக்கும் மூன்று வரிசை உயரத்துக்கும் பெரிதாக்குங்கள். மற்ற இரண்டையும் ஒற்றைக் கட்டத்துக்குச் சுருக்குங்கள். அகலத்தில் மூன்று மடங்கு என்றால் பரப்பில் ஒன்பது மடங்குக்கும் மேல். அந்தத் தொலைவுதான் பக்கத்துக்கு விசை கொடுக்கிறது. மூன்றும் சமமான முக்கியம் என்று ஆசிரியர் சொன்னால், படங்களைச் சேர்த்து ஒரே கூட்டமாக வைத்து, அந்தக் கூட்டத்தைப் பெரிய உருவமாக நடத்துங்கள். அதோடு சில கட்டங்களைக் காலியாக விடப் பழகுங்கள். பதினெட்டுக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. தலைப்புக்கு மேலே முழு வரிசை ஒன்றைக் காலியாக விட்டால், அந்த வெற்றிடமும் ஏழு வரி உயரம் என்ற அளவைப் பெற்றுவிடுகிறது. மீந்துபோன இடமாகத் தெரியாது.

கிரிட்டை மீறுவதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். மீறலாம், ஆனால் தொலைவாக மீறுங்கள். ஒரு படத்தைத் தாளின் விளிம்பு வரை கொண்டுபோவது, ஒரு மேற்கோளைப் பத்தியிலிருந்து வெளிஓரத்துக்குள் நன்றாகத் தள்ளிவைப்பது போன்றவை வலுவானவை. மற்ற எல்லாம் கோட்டில் நிற்கும்போதுதான் அந்த ஒன்று மீறலாகத் தெரியும். சுவிட்சர்லாந்து வடிவமைப்பாளர் யோசெஃப் முல்லர்-ப்ரோக்மன் 1981இல் கிரிட் பற்றி எழுதிய நூலைக் கடும் விதிகளின் தொகுப்பாகப் பார்ப்பவர்கள் உண்டு. அவருடைய இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகளைப் பாருங்கள். எலும்புக்கூடு கணக்கு, அதன்மேல் நிற்கும் உருவமோ துணிச்சலானது. உங்களுக்கு வழிகாட்ட அந்தச் சுவரொட்டிகள் இணையத்தில் கிடைக்கும் எந்தச் சுருளையும்விடச் சிறந்தவை.

இதழைத் திரையிலும் வெளியிடுவதாகச் சொன்னீர்கள். அங்கே தாளின் உயரம் என்ற ஒன்றே இல்லாததால் 47 வரிக் கணக்கு செல்லாது; வரி இடைவெளியை அலகாகக் கொள்வதும், குறைந்த அளவுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதும் செல்லும். 2017 முதல் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் சிஎஸ்எஸ் கிரிட் (இணையப் பக்கத்தைப் பத்திகளாகவும் வரிசைகளாகவும் அமைக்கும் வசதி) வேலை செய்வதால் அகலத் திரையில் மூன்று பத்தி, கைபேசியில் ஒரே பத்தி என்று மாற்றுவது எளிது. பொத்தான்களும் பட்டியல்களும் நிறைந்த செயலிகளுக்கு நான் சொன்னவை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அந்தத் துறையில் இருப்பவர்களிடம் கேளுங்கள்; என் அனுபவம் வாசிப்புப் பக்கங்களோடு நிற்கிறது.

நாளைக்கே தொடங்குவதாக இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள். இதழின் மிக நீளமான கட்டுரையை எடுத்து, படம் எதுவும் இல்லாமல், 85 மி.மீ. அகலத்தில் 10க்கு 14, 15, 16 என்று மூன்று விதமாக அச்சிடுங்கள். திரையில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். திரையில் நாம் பக்கத்தைப் பெரிதாக்கியே பார்க்கிறோம், தாளின் உண்மையான அளவு கண்ணுக்குப் பிடிபடாது. மூன்றில் ஒன்றைப் பிடித்தபின், அந்த வரி இடைவெளியில் தாளின் உயரத்தில் எத்தனை வரி அடங்குகிறது என்று எண்ணி, ஒன்றைக் கூட்டினால் பலவிதமாக வகுபடும் எண்ணாகப் பார்த்து எடுங்கள். 16 பாயிண்ட் பிடித்திருந்தால் 47 வரிக்குப் பக்கம் நெருக்கமாகிவிடும். 41 வரி எடுத்தால் 42 வகுபடும், இரண்டு, மூன்று, ஆறு என்று பிரியும், ஆனால் நான்காகப் பிரியாது. அது உங்களுக்குப் போதுமா என்பது இதழில் வரும் படங்களைப் பொறுத்தது. அந்தக் கிரிட்டில் இரண்டு பக்கங்களை அமைத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.